முதல் கிரேடு

என் எழுத்து கோழிக் கிறுக்கல். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்பதும் தெரியாது. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன்; ஊரில் இருப்பவர்கள் பொறுத்துப் படியுங்கள். கேமரன் மலையில் இருக்கிறவன் நல்ல தேயிலையாகக் குடிப்பான் என்று நினைத்திருப்பீர்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கொதிப்பது சல்லடைக்கு அடியில் விழும் தூள்தான். முதல் கிரேடு கப்பலேறிவிடும். அந்தப் பெட்டிகளுக்கு எழுத்துப் போடுவது என் வேலை. எழுத்து வெட்டிய தகட்டை வைத்துக் கறுப்பு மையைத் தேய்த்தால், 'மலேசியாவில் விளைந்தது' என்று இங்கிலீஷில் விழும்.

இந்த வருடத் தொடக்கத்தில், என் மகள் சாந்தி படித்த தானா ராத்தா டவுன் பள்ளிக்கூடத்துக்கு என்னை வரச் சொன்னார்கள். மலாய் வாத்தியார் எழுந்து கைகொடுத்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அனாக் என்சிக் கிரேட் சத்து. போலே ஹந்தார் லுவார் நெகிரி" என்றார். உங்கள் மகள் முதல் கிரேடு, வெளிநாட்டுக்கு அனுப்பலாம்.

பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது: "கப்பால் மானா?" எந்தக் கப்பல்?

சாந்தி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அப்பா, ரிசல்ட்டுலா! தேயிலை இல்ல!"

வாத்தியார் சிரிக்காமல் விளக்கினார். சாந்தி தமிழில் சொன்னாள். தேயிலையும் ரப்பரும் வெளியே போனால் நாட்டுக்குப் பணம் வரும். அதில் கவர்மெண்டு பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க வைக்கும். படித்தவர்கள் இயந்திரம் செய்வார்கள். பிறகு இயந்திரத்தையே வெளியே அனுப்பலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது குழம்பிவிட்டேன். நல்லதெல்லாம் வெளியே போனால்தான் நாடு வளருமா? போன தேயிலை திரும்பி வந்து நான் பார்த்ததில்லையே. போக வேண்டாம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நாளைக்கே அவள் தலையில் கொழுந்துக்கூடை ஏறும்.

"திரும்பி வருவியாம்மா?"

"கவர்மெண்டு காசுலா. வரலன்னா விடுவாங்களா?"

"கவர்மெண்டு கூப்பிட்டு வர்றது வேற. நான் கேக்குறது வேற."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது என் அப்பாவும் திரும்பி வருவதாகத்தான் சொன்னார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிய சிறுபிள்ளை நான். எங்களை அனுப்பியதில் அந்த நாடு வளர்ந்ததா? நாங்கள் எந்தக் கிரேடு? யாரிடம் கேட்பது?

அப்பாவின் தகரப் பெட்டியைத் துடைத்து சாந்திக்குக் கொடுத்தேன். பெயர் போடச் சொன்னாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்தத் தகடு ஒன்றுதான். அதையே வைத்துத் தேய்த்தேன்.

"என் பேரு எங்கப்பா? என்னையும் பேக் பண்ணி அனுப்புறீங்களா?" என்று சிரித்தாள். துணியை எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்பா. அழிக்காதீங்க."

மை காய்ந்த பிறகு பார்த்தால், அதன் அடியில் பழைய சிவப்பு எழுத்தில் நாகப்பட்டினம் என்று மங்கலாகத் தெரிந்தது.

போன வாரம் சாந்தி புறப்பட்டாள். தாப்பா போகும் பஸ்ஸின் மேல் பெட்டியை ஏற்றிய பையன் குனிந்து, "இது எந்த ஊரு பெட்டிண்ணே?" என்று கேட்டான். நான் யோசிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

21 ஆகஸ்டு 1983