டூர் அக்கா காட்டாத படிக்கட்டு

எங்கள் கல்லூரியில் சேர வரும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் வளாகத்தைச் சுற்றிக்காட்டுவதற்கென்றே ஒருவர் இருந்தார். பதினோரு வருடம் அதே வேலை. எல்லாரும் அவரை டூர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சேர்க்கை அலுவலகத்தில் என் மேசைக்குப் பக்கத்து மேசை அவருடையது.

வாசல் நீரூற்று, புல்வெளி, கண்ணாடிச் சுவர் வைத்த நூலகம், கடைசியில் கேன்டீன். இருபது நிமிட நடை. இடைவேளை விடும் பத்தே முக்காலுக்குச் சரியாகக் கேன்டீனில் நிற்கும்படி நடையைக் கூட்டிக் குறைப்பார்.

“அப்பாங்க வேலை கிடைக்குமான்னு கேப்பாங்க, அம்மாங்க பாத்ரூம் எப்படின்னு கேப்பாங்க. பிள்ளைங்க வாயே திறக்காது. நாலு பேர் சேர்ந்து உக்காந்து சிரிக்கிற இடம் இருக்கான்னு கண்ணாலயே தேடும். அதைக் காட்டிட்டா போதும்” என்பார். நூலகத்தின் முன் உதிர்ந்து கிடக்கும் பூக்களைக் கூட்ட வேண்டாமென்று துப்புரவுப் பெண்களிடம் சொல்லி வைத்ததும் அவர்தான்.

புல்வெளி முடியும் இடத்தில் ஒரு சுவர். அதற்குப் பின்னால் பழைய பெண்கள் விடுதி; முதல் வருடப் பெண்களுக்கு அங்கேதான் இடம், இரண்டாம் வருடம்தான் புது விடுதி. அந்தப் பக்கம் அவர் யாரையும் கூட்டிப்போனதில்லை. மேல்தொட்டி நிரம்பி வழிந்து வழிந்து படிக்கட்டெல்லாம் பாசி. கைப்பிடிக் கம்பி இரண்டாவது மாடியில் பாதியோடு நின்றுவிடும். விடுதிப் பெண்கள் எழுதும் புகார்க் கடிதங்கள் எங்கள் அறை வழியாகத்தான் நிர்வாகத்துக்குப் போகும். நானே மூன்றை முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். அதனால் அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நாலு வருடத்துக்கு முன் அவருடைய தமக்கை தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். வேறு இரண்டு கல்லூரிகளைப் பார்த்துவிட்டு எதில் சேர்ப்பதென்று குழம்பிப்போயிருந்தார்கள். டூர் அக்காவுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பெண் என்றால் உயிர். அன்றைக்குக் காவலாளி மறந்துவிடப் போகிறாரென்று நீரூற்றைத் தானே போய்த் திறந்துவிட்டார்.

கேன்டீனில் அந்தப் பெண், “சித்தி, நான் இங்கயே சேர்ந்துடறேன்” என்றாள்.

“ஹாஸ்டலை இன்னும் பாக்கலியேடி” என்றார் அவள் அம்மா.

“நான் இருக்கும்போது உனக்கென்னக்கா பயம்? என் கண்ணு முன்னாடிதானே இருக்கப்போறா” என்றார் டூர் அக்கா.

“அந்த நேரம் எனக்கு அந்தப் படி ஞாபகம் வந்துச்சு” என்று பின்னால் என்னிடம் சொன்னார். “ஒரு வருஷம்தானே, அப்புறம் புது ஹாஸ்டலுக்கு மாத்திடலாம்னு நினைச்சேன்.”

மூன்றாவது மாதம், மழை பெய்த ஒரு காலை, வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று புத்தகங்களை அணைத்தபடி இறங்கியவள் கம்பி முடியும் இடத்தில் சறுக்கிக் கீழே விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இரண்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் இடது காலில் உணர்ச்சி திரும்பவில்லை. படிப்பு அதோடு நின்றது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தமக்கை கேட்டார். “அந்தப் படி அப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

தமக்கை சத்தம் போடவில்லை. “அப்ப நீ போ” என்றார்.

அடுத்த சேர்க்கைப் பருவம் வந்தது. முதல் நாள் ஆறு குடும்பங்கள். டூர் அக்கா நூலகத்துக்குத் திரும்பாமல் நேராகச் சுவருக்குப் பின்னால் அழைத்துப்போனார். “போன மழைக்கு இங்க ஒரு பொண்ணு விழுந்துட்டா. என் அக்கா மக. பாத்து முடிவு பண்ணுங்க.”

ஒரு தகப்பனார் படியை அண்ணாந்து பார்த்தார். “எந்தக் காலேஜ்லதான் இதெல்லாம் இல்ல? பாத்து நடந்தா சரி” என்றார். ஆறில் ஐந்து பிள்ளைகள் சேர்ந்தார்கள். சேர்க்கைப் படிவங்களை என் மேசையில் பார்த்துவிட்டு அவர் முகம் செத்துப்போனது. ஆனாலும் மறுநாளும் அங்கேயே கூட்டிப்போனார். அதற்கடுத்த நாளும்.

ஒரு வாரத்தில் மேலாளர் கூப்பிட்டார். “உங்களைச் சுத்திக்காட்டத்தானே வச்சிருக்கோம், குத்திக்காட்டவா?”

“படியைச் சரி பண்ணிடுங்க சார். அப்புறம் குத்திக்காட்ட என்ன இருக்கு?”

பழைய விடைத்தாள்கள் அடுக்கி வைத்த அறைக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார், பிறகு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

படியைச் சரி செய்யவில்லை. சுவரை இரண்டடி உயர்த்தி அதில் பூக்கொடி வரைந்தார்கள். வருகிறவர்கள் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நானும் இன்னும் முத்திரை குத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

டூர் அக்கா இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறார். போன மாதம் மாத்திரை வாங்கப் போனேன். ஒவ்வொரு ஞாயிறும் தமக்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். தமக்கை கதவைத் திறந்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவாராம். அந்தப் பெண் தபால் வழியில் படிக்கிறாள். அவள் காலை மடியில் வைத்து இவர் பிடித்துவிடுவார்.

“அவளாவது என்னைத் திட்டினா தேவலை” என்றார். “‘சித்தி, நீங்க என்ன பண்ணுவீங்க’ன்னு அவ எனக்கு ஆறுதல் சொல்றா. அதைத்தான் தாங்க முடியல.”

எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. மாத்திரையை உறையில் போட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்தவருடைய சீட்டை வாங்கினார்.