வீரபாகு வாய் வைத்த கிளாஸ்

வீரபாகு எதையும் வாய் வைத்துக் குடித்ததில்லை. மோரானாலும் காப்பியானாலும் தலையை அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து தொண்டைக்குள் ஊற்றிக்கொள்வார். குத்துக்கல்வலசையில் அவர் வளர்ந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான். மற்றவர்களுக்கு அது பழக்கம்; அவருக்கு அதுவே பிழைப்பாகவும் ஆனது. குற்றாலத்தில், ஐந்தருவிக்குப் போகிற பாதையில், மலைத்தோட்டத்துத் துரை ஒருவருக்குச் சாரல் காலத்தில் வந்து தங்க ஒரு பங்களா இருந்தது. அதில் அவர் பட்லர். மேசைக்குப் போகிற சூப்பு, பால், பழச்சாறு எல்லாவற்றையும் முதலில் ருசி பார்த்து அனுப்புவது அவர் வேலை. எச்சில் படாமல் ருசி பார்ப்பார் என்பதற்காகவே துரைசானி அவரை வேலைக்கு எடுத்தாள். அவள் சீமைக்குப் போய்ச் செத்த பிறகும் அவர் இருந்தார்.

“எந் நாக்கு தப்பாது” என்று அடிக்கடி சொல்வார். நல்ல நாக்குதான். உப்புக் கூடியதும் பால் திரிந்ததும் உடனே தெரிந்துவிடும். அதைவிடப் பெரிதாக அந்த நாக்கைச் சோதிக்கும் சந்தர்ப்பம் அதுவரை வரவில்லை. சோதிக்கப்படாத ஒன்றைப் பற்றி மனிதன் கொள்ளும் நம்பிக்கைக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், தூத்துக்குடியில் கப்பலிலிருந்து இறங்கி, ரயிலில் தென்காசி வந்து, மாட்டு வண்டியில் குற்றாலம் வந்து சேர்ந்தது ஒரு மரப் பீப்பாய். உள்ளே பார்லியில் காய்ச்சிய கெட்டியான பீர். முன்பு பிராந்தி இருந்த பீப்பாயாம். இரண்டு மழைக்காலம் அப்படியே கிடந்தால்தான் அது பக்குவப்படும் என்று துரை சொன்னார். பின்கட்டு இருட்டறையில் அதைப் படுக்க வைத்துப் பூட்டி, சாவியைக் காவல்காரன் யாக்கூபிடம் கொடுத்தார்.

யாக்கூபு தென்காசியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. தறி இருமலைக் கொடுத்ததால் காவல் வேலைக்கு வந்தவன். சாரல் முடிந்து துரை மலைத்தோட்டத்துக்குத் திரும்பிய பிறகு பங்களாவில் தனியே இருப்பான். அந்த அறைக்குள் போய்வந்தால் கையைக் கழுவிக்கொள்வான். “பூட்டத் தொட்டதுக்கா கழுவுதெ?” என்று வீரபாகு கேட்டால், “வாடை ஒட்டிக்கிடும் அண்ணாச்சி” என்பான்.

இரண்டு வருஷம் கழித்து, ஆடி மாதத்தில் ஒரு நாள், பீப்பாயைத் திறக்கத் தேதி குறித்தாயிற்று. மாலை ரயிலில் விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த மாதிரிக் குடியில் தேர்ந்தவர் என்று பேச்சு. துரைக்கோ நான்கு நாளாகச் சளி. மூக்கு அடைத்து, எதை வாயில் போட்டாலும் மண்ணாக இருந்தது. “வீரபாகு, நீ பாரு. சொட்டு விட்டுச் சொல்லாதே. நல்லாக் குடிச்சுச் சொல்லு” என்றார்.

சமையல்காரர் உச்சிமாகாளி அடுக்களை வாசலில் நின்று சிரித்தார். “என்ன பட்லரே, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி பீப்பாயச் சுத்திச் சுத்தி வாரீரு?”

காலையிலிருந்து வேலை மும்முரத்தில் வீரபாகு சாப்பிடவில்லை. பீப்பாயின் குழாயைத் திருகிக் கிளாஸில் பிடித்தார். கறுத்த சிவப்பில், நுரையில்லாமல், எண்ணெய் போல இறங்கியது. அண்ணாந்து, உயர்த்தி, அரைக் கிளாஸை நேராகத் தொண்டைக்குள் விட்டார். மூக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. நாக்கின் நுனிக்கு அது வரவே இல்லை. அவருக்குத் தெரிந்த பீர் பாட்டில் பீர்தான். ஊற்றும்போதே பொங்கும், அடித்தொண்டையில் சுருக்கென்று குத்தும். இது குத்தவில்லை.

“சப்புன்னு இருக்கு துரை. தண்ணி மாதிரி.”

அவர் பொய் சொல்லவில்லை. தான் உணர்ந்ததைத்தான் சொன்னார். இருந்தும் சொன்னது உண்மை இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் எப்படி அகப்பட்டுக்கொள்வான் என்பதை அடுத்த நிமிஷம் அவர் பார்த்தார்.

“தண்ணியா?” துரை மெதுவாகக் கேட்டார். “குடிச்சிட்டுத் தண்ணி கலந்து வச்சிருக்கான். சாவி யார்கிட்ட?”

யாக்கூபு வாசலில்தான் நின்றான். அவனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முகம் வெளுத்தது.

“நானா துரை? நான் அத மோந்துகூடப் பாத்ததில்ல.”

“அப்படியா. இந்தா, நீயே குடிச்சுச் சொல்லு.”

“ஹராம் துரை. செத்தாலும் வாயில விட மாட்டேன்.”

“நல்லாப் பதில் சொல்லுதான். விருந்தாளி வரதுக்குள்ள இவனைப் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படை” என்றார் துரை, பக்கத்தில் நின்ற தோட்டக்காரனைப் பார்த்து.

யாக்கூபு வீரபாகுவின் பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி, திருடன்னு உள்ள போட்டாக்கூட ஒரு நா வெளிய வந்துருவேன். குடிச்சான்னு சொன்னா எம் புள்ள நூர்நிஷாவ ஆரு கட்டுவா? பள்ளிவாசல்ல நான் எந்த வரிசையில நிப்பேன்? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

வீரபாகு யோசித்தார். யோசித்துக்கொண்டே நின்றவருக்குக் காது மடல் சுட்டது. சாரல் காற்று ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தும் நெற்றி வேர்த்தது. வயிற்றுக்குள் யாரோ அடுப்பு மூட்டியதுபோல் இருந்தது. தண்ணீர் இப்படிச் செய்யாது. தப்பாத நாக்கு தப்பிவிட்டது என்று வயிறு சொன்னது.

“துரை, ஒரு நிமிஷம்.”

மறுபடி குழாயைத் திருகினார். இந்தத் தடவை கிளாஸை உயர்த்தவில்லை. துரையின் கிளாஸில், எல்லோரும் பார்க்க, உதட்டை வைத்தார். உச்சிமாகாளி “முருகா” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

மூக்கு கிளாஸுக்குள் இருந்தது. முதலில் வந்தது மரத்தின் வாடை, நனைந்து காய்ந்த பழைய பெட்டியினுடையது. அடுத்து பேரீச்சம்பழம். அப்புறம் அடிபிடித்த கருப்பட்டிப் பாகு. அதன் பின்னால் ஒரு கசப்பு, நாக்கின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு போக மறுத்தது. விழுங்கியபின் சூடு மூக்கு வழியாகத் திரும்பி வந்தது. அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அது முழுசாக இருந்தது; யாரும் அதில் எதையும் கலக்கவில்லை. கிளாஸைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

“தண்ணி இல்ல துரை. சொட்டுத் தண்ணி இல்ல. நான் குடிச்ச விதம் தப்பு.”

“முதல்ல தண்ணி. இப்போ தண்ணி இல்ல. உன் சிநேகிதன் அழுததும் ருசி மாறிப்போச்சா? எந்த நாக்கை நம்பச் சொல்லுதே?”

அதற்கு நியாயமான பதில் கிடையாது என்றே நினைக்கிறேன். தோட்டக்காரன் யாக்கூபின் தோளில் கை வைத்தான். வீரபாகு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், தினம் செய்கிற வேலையைச் செய்தார்: கிளாஸ்களைத் தட்டில் அடுக்கி, மேசைக்குக் கொண்டுபோகத் தூக்கினார். மனசு கலங்கினால் கை பழகிய வேலைக்குத்தான் போகும். அறை வாசற்படி வருவதற்கு முன்னாலேயே அவர் கால் அதைத் தேடித் தடுமாறியது. தட்டு சாய்ந்தது. அத்தனை கிளாஸும் தரையில் சிதறின. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு சாஸரைக்கூட உடைத்ததில்லை.

உடைசலின் நடுவில் உட்கார்ந்தபடி அவர் துரையை நிமிர்ந்து பார்த்தார். கண் சிவந்திருந்தது.

“ஏலே துரை,” என்றார், “இதுவாலே தண்ணி?”

துரை உடைசலையும் அவர் சிவந்த கண்ணையும் பார்த்தார். அந்த மனிதர் வாயிலிருந்து “ஏலே” வர, அதுவும் தன்னை நோக்கி வர, அந்தப் பீர் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருப்பார்; தண்ணீர் கலந்தது இப்படி ஏறாது. பிறகு தோட்டக்காரனுக்குக் கையை அசைத்தார்.

“அவனை விடு. சாவி அவன்கிட்டயே இருக்கட்டும்.” வாசல்வரை போய்த் திரும்பி, “இவன் இன்னைக்கு மேசைக்கு வர வேண்டாம்” என்றார்.

விருந்தாளிகளுக்கு அன்று மாலை துரையே ஊற்றினார். தேர்ந்தவர் என்று பேசப்பட்டவர் இரண்டாவது கிளாஸும் கேட்டார் என்று உச்சிமாகாளி வந்து சொன்னார். “ஓம்ம வேலைக்கு ஆபத்தில்ல வே. ஆனா தொரய இனிமே மச்சான்னு கூப்பிடாதியும்.”

வீரபாகு சிரிக்கவில்லை. பின்கட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தார். தலை கிறுகிறுத்தது. யாக்கூபு ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவன் வீட்டிலிருந்து வந்த செம்பு. தினமும் தொழுகைக்கு முன் அதில்தான் கை கால் கழுவுவான்.

வீரபாகு பழக்கப்படி அண்ணாந்து தூக்கினார். கை ஆடி, தண்ணீர் மூக்கிலும் நெஞ்சிலும் கொட்டியது.

“வாய் வச்சே குடிங்க.”

“இது ஒஞ் செம்புலே. எவ் வாயோ பீரு குடிச்ச வாயி.”

“தெரியும். குடிங்க.”

உதட்டை வைத்துக் குடித்தார். முழுச் செம்பும் போன பிறகு, “யாக்கூபு, எம்மேல கோவமா?” என்றார்.

“ஆமா.”

செம்பை வாங்கிக் கிணற்றடியிலேயே கவிழ்த்து வைத்தான். அதை உள்ளே கொண்டுபோகவில்லை; இனி அது தொழுகைக்கு ஆகாது. இரண்டடி போனவன் திரும்பினான்.

“அண்ணாச்சி, இனி எம்பேர்ல என்னமும் சொல்லணும்னா, மொதல்லயே வாய் வச்சுக் குடிச்சுப்புட்டுச் சொல்லுங்க.”