வஞ்சத்தில் ஊற்றிய வினிகர்

என் கணவரின் தங்கை வசந்திக்கு மலேசியாவின் ரவாங் நகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதற்குப் பக்கத்து ஊரான ராசாவில் இருக்கும் எங்கள் வீட்டில் அவள் தங்க வந்த நாளிலிருந்தே எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருநாள் விருந்தாளிகள் இருக்கும்போதே நான் துவைத்து வைத்திருந்த தன் வேலைச் சட்டையைக் கொண்டுவந்து என் முன்னால் வீசினாள்.

“அண்ணி, இது துணியா, அட்டையா? போட்டாலே உடம்பு அரிக்குது. வேணும்னே செய்யிறீங்களா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் அவள் சட்டைகளைத் தனியாகத் துவைத்து, கடைசியாக அலசும் தண்ணீரில் சமையலறை வினிகரை ஊற்றினேன். புளித்த நாற்றத்தோடு அவள் வேலைக்குப் போகட்டும், எல்லாரும் மூக்கைப் பிடிக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். காய்ந்ததும் முகர்ந்துகூடப் பார்க்காமல் மடித்து வைத்தேன்.

அடுத்த நாள் மாலை அவள் திரும்பி வந்தபோது நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவள் நேராகச் சமையலறைக்கு வந்தாள்.

“என்ன போட்டுத் துவைச்சீங்க அண்ணி? சட்டை பஞ்சு மாதிரி இருக்கு லா. இன்னிக்கு அரிக்கவே இல்ல.”

காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். பழைய தடிப்புகள் இன்னும் சிவந்திருந்தன. நான் அள்ளிக் கொட்டிய சோப்புத்தூள் சரியாக அலசப்படாமல் துணியிலேயே தங்கி, அவள் தோலைப் புண்ணாக்கியிருக்கிறது. வினிகர் அந்தச் சோப்பை எடுத்துவிட்டது; அதன் நாற்றமும் துணி காய்ந்ததோடு போய்விட்டது. அவள் சொன்னதெல்லாம் உண்மை.

“வினிகர்,” என்றேன்.

“எனக்காகவா?”

“ஆமா.”

இன்றும் நாங்கள் சண்டை போடுகிறோம். அவளைத் திட்டியதற்கெல்லாம் நான் வருந்தியதில்லை. அந்த ஒரு ‘ஆமா’வை நினைத்தால் மட்டும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.