ஜீப்புக்கு முன்னால் நின்ற இரும்பு

எங்கள் அப்பாவுக்கு அடிப்பதற்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. சுவர் ஆணியில் பெல்ட் தொங்கும், கை எட்டினால் போதும். என்னை அதிகம் தொட்டதில்லை. வாங்கியதெல்லாம் என் தம்பிதான். சோற்றைச் சிந்தினால் அடி, சிந்தாமல் சாப்பிட்டு நிமிர்ந்தால் "என்னாடா மொறைக்கிற" என்று அடி. ஒருமுறை மண்டை உடைந்து, ரத்தம் சட்டைக்குள் இறங்க இறங்க அவன் அப்படியே நின்றான். அழக்கூட இல்லை. அதற்கும் ஒன்று விழுந்தது.

அப்பா ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா இந்தோசீனாவில் ஜீப் ஓட்டியவர். அம்மாவின் அண்ணனும் அதே பட்டாளத்தில் இருந்தார், இருவரும் இணைபிரியாத கூட்டாளிகள். மாமா திரும்பி வரவில்லை. குண்டு பட்டுச் செத்துப்போனான் என்று அப்பா வந்து சொன்னார். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டார். எங்கள் வீட்டுப் பட்டாளக் கதை அவ்வளவுதான். கூடத்தில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. முன்கண்ணாடியை மடக்கிப் போட்ட ஜீப்பில் இருவரும் உட்கார்ந்திருப்பார்கள். உட்கார்ந்த நிலையிலேயே மாமா அப்பாவைவிட ஒரு சாண் உயரம்.

தம்பி வளர வளர மாமாவை உரித்து வைத்த மாதிரி ஆனான். "எங்கண்ணனே வந்து பொறந்துட்டான்" என்று அம்மா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பூரித்துப் போவாள். அன்றைக்கு ராத்திரி தம்பிக்குக் கட்டாயம் ஏதாவது விழும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எங்களில் யாருக்கும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் தம்பி மூலக்குளத்தில் சொந்தமாக மெக்கானிக் ஷெட் போட்டிருந்தான். நான் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருந்தேன், தையல் மிஷின் வைத்துப் பிழைத்தேன். அப்போதுதான் வில்லியனூர் பக்கம் ஒரு தோப்பில் ராணுவ ஏலத்தில் வந்த பழைய ஜீப் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் இழுத்துக்கொண்டு வந்தான். போட்டோவில் இருக்கிற அதே ஜாதி ஜீப். தரைத்தகடு முழுக்கத் துரு தின்றிருந்தது, சீட்டுக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"எதுக்குடா இந்தப் பொணம்?" என்றேன்.

"ஜூலை பதினாலுக்கு அப்பாவ இதுல உக்கார வச்சு நெனவிடத்துக்குக் கூட்டிட்டுப் போவணும்க்கா."

ஜூலை பதினாலு பிரெஞ்சுக்காரர்களின் தேசிய நாள். அன்று ஊரிலுள்ள சொல்தாக்கள் எல்லாம் கோட்டு போட்டு, மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலையில் இருக்கிற போர் நினைவிடத்துக்கு அணிவகுத்துப் போவார்கள். எங்கள் அப்பா ஒரு வருஷம்கூடப் போனதில்லை. மெடல்கள் டிரங்குப் பெட்டியில் பச்சை பிடித்துக் கிடந்தன. அவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து ஒரு தடவை ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், தம்பிக்கு ஆசை அது ஒன்றுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தனை அடி வாங்கியவனுக்கு இன்னும் அந்த மனுஷனிடம் எதிர்பார்ப்பு இருக்கிறதே என்று அவனையே நாலு அறை அறையலாம் போலிருந்தது.

ஆனாலும் சேர்ந்துகொண்டேன். கான்வாஸ் வாங்கி சீட் தைத்தேன், ஊசி முறிய முறியத் தைத்தேன். அவன் தகட்டை வெட்டி வெட்டிப் புதிதாக ஒட்டினான். முகத்தில் பொறி பட்டுப் புண்ணானதை அவன் சட்டை செய்யவில்லை. ஷெட்டுக்குள் சம்மட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் யாரை நினைத்து அடிக்கிறான் என்று எனக்குத் தோன்றும். போட்டோவில் உள்ளபடியே எல்லாம் வர வேண்டும் என்பது அவன் பிடிவாதம். போட்டோவில் மங்கிப்போயிருந்த பானெட் எழுத்து என்னவென்று கேட்க நான்தான் சொல்தாக்கள் வீடு வீடாகப் போனேன். எல்லோரும் காபி கொடுத்தார்கள். அப்பாவின் பேரைச் சொன்னதும் பேச்சை மாற்றினார்கள். ஒருத்தர் மட்டும், கால் ஊனமானவர், வேறு பிரிவில் இருந்தவர், ஜீப்பைப் பார்க்கும் ஆசையில் ஷெட்டுக்கே வந்தார்.

சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி, முன்னாடி இரும்பு எங்க?" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். எதிராளிகள் ரோட்டுக்குக் குறுக்கே மரத்துக்கு மரம் மெல்லிய கம்பி கட்டி வைப்பார்களாம், சரியாகக் கழுத்து உயரத்துக்கு. கண்ணாடியை மடக்கிவிட்டு வேகமாக வருகிற ஜீப்பில் இருப்பவன் தலை போய்விடும். அதற்காக பம்பரில் ஆளுயரத்துக்கு ஒரு இரும்புச் சட்டத்தை நட்டமாக வெல்டு வைத்து, நுனியில் கொக்கி மாதிரி வெட்டி விடுவார்களாம். கம்பி அதில் மாட்டி அறுந்துவிடும்.

"போட்டோல அது இல்லியே?" என்றான் தம்பி.

"இல்லாம ஓட்ட மாட்டாங்கப்பா. போட்டோவுக்காகக் கழட்டியிருப்பாங்க."

தம்பி அன்றைக்கே வெல்டு வைத்துவிட்டான். அப்பா பார்த்தால் அசந்துபோவார், போட்டோவில் இல்லாததைக்கூடக் கண்டுபிடித்துச் செய்திருக்கிறானே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா அப்பாவை ஷெட்டுக்கு அழைத்து வந்தாள். தம்பி புதுச்சட்டை போட்டுக்கொண்டு ஜீப்பில் உட்கார்ந்திருந்தான். அப்பா வாசலிலேயே நின்றார். ஜீப்பைப் பார்த்தார், அந்த இரும்பைப் பார்த்தார், அதற்குப் பின்னால் மாமா முகத்தோடு இருந்தவனைப் பார்த்தார். அவர் வாய் கோணிக்கொண்டது. தரையில் கிடந்த சம்மட்டியை எடுத்தார்.

முதல் அடி இரும்பில். இரண்டாவது விளக்கில். கண்ணாடிச் சில் என் காலடியில் தெறித்தது. தம்பி குதித்து ஓடிவந்து கையை நீட்டித் தடுத்தான். அடுத்த அடி அவன் முன்கையில் விழுந்தது. விறகு ஒடிகிற சத்தம் கேட்டது. அவன் அலறினான். சின்ன வயசிலிருந்து ஒரு தடவைகூட அலறாதவன். பிறகு இடது கையாலேயே அப்பாவின் சட்டையைப் பிடித்துத் தூக்கி பானெட்டில் மல்லாத்தி, தொண்டையில் முழங்கையை வைத்து அழுத்தினான். அப்பாவின் முகம் கறுத்தது, கால்கள் உதைத்துக்கொண்டன. நான் விலக்கப் போகவில்லை. சாகட்டும் என்றுதான் நின்றேன்.

"கொன்னுடுடா," என்றார் அப்பா, மூச்சுக்கு நடுவில். "ஒங்க மாமன நான்தான் கொன்னேன். கொன்னுடு."

தம்பியின் கை தளர்ந்தது. அப்பா எழுந்திருக்கவில்லை. தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வெல்டு விட்டுப்போய் அந்த இரும்பு ஆடிக்கிட்டிருந்துச்சு. கழட்டிப் போட்டுட்டு, நாளைக்கு வச்சுக்கலாம்னு வண்டிய எடுத்தேன். அவன்தான் வேணாம்னான். நான் கியர் மாத்தக் குனிஞ்சேன், நிமுந்து பாத்தா பக்கத்துல ஒடம்பு மட்டும் உக்காந்திருக்கு. கையெல்லாம் சூடா ரத்தம். வண்டி நிக்காம ஓடுது. அவன் தலய நான் திரும்பி நடந்துபோய் எடுத்தாந்தேன்."

குண்டு பட்டது என்ற கதை அத்தோடு முடிந்தது. அம்மா மெதுவாக அவர் அருகில் வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், காலிலிருந்த செருப்பைக் கழற்றி அவர் முகத்தில் அடித்தாள். திரும்பத் திரும்ப அடித்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்த பிறகும் அடித்தாள். அப்பா கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

"எங்கண்ணன் செத்ததுக்கு ஒன்ன மன்னிச்சிருப்பேன்யா," என்றாள். "நீயா வேணும்னு செஞ்ச? அந்தப் பாவத்த எம்புள்ள முதுவுல அடிச்சு அடிச்சுக் கழிச்சியே, அதுக்கு மன்னிக்க மாட்டேன்."

தம்பியை ஆஸ்பத்திரிக்கு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனோம். அப்பா பின்னாலேயே நடந்து வந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜூலை பதினாலு காலையில் அம்மா, "எங்கண்ணனுக்கு நான் பூ வைக்கணும், வண்டிய எடு" என்றாள். தம்பியின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. அவன் சொல்லிக்கொடுத்து நான் ஏற்கெனவே ஷெட்டைச் சுற்றி ஓட்டிப் பழகியிருந்ததால், நானே ஓட்டினேன். அம்மா மாலையோடு எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், தம்பி பின்னால். வீட்டு வாசலில் அப்பா கோட்டு போட்டு, மெடல் குத்தி நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. நான் ஆக்ஸிலேட்டரை மிதிக்கப் போனேன். தம்பி நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அப்பா ஏறிக்கொண்டார்.

கோயில் தெருவுக்குள் திரும்பி வேகமெடுத்தபோது, தெருவுக்குக் குறுக்கே விசேஷத்துக்காகக் கட்டிய காகிதத் தோரணம் எதிரே வந்தது. எங்கள் தலைக்கு வெகு மேலேதான் இருந்தது. பின்னால் அப்பா கத்தினார். தம்பியின் பிடரியைப் பிடித்து அவனைக் கீழே அமுக்கி, மேலே விழுந்து கவிழ்ந்துகொண்டார். உடைந்த கை அடியில் மாட்டிக்கொண்டது. வலியில் தம்பி, மறுபடியும் அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்து இடது கையால் அவர் வாயில் குத்தினான். குத்திக்கொண்டே இருந்தான். அப்பா விடவில்லை. நான் வண்டியை நிறுத்தித் திரும்பியபோது அவர் வாயெல்லாம் ரத்தம், ஒரு பல் கோட்டின் மேல் கிடந்தது. இரண்டு கையாலும் தம்பியின் தலையை மார்போடு மூடி வைத்திருந்தார்.

"போயிடுச்சா?" என்று என்னைக் கேட்டார். "கம்பி போயிடுச்சா?"

"போயிடுச்சுப்பா" என்றேன்.

இதைச் சொல்வதால் அவரை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அம்மா சாகும்வரை அவரோடு பேசவில்லை, நானும் அதிகம் பேசியதில்லை. ஆனால் அந்தத் தெருவில், ஜனங்கள் வேடிக்கை பார்க்க, தம்பி குத்துவதை நிறுத்தினான். தலையை அவர் கையிலிருந்து இழுத்துக்கொள்ளவில்லை. நான் மறுபடி வண்டியை எடுத்து, கடற்கரை வரும்வரை மெதுவாக ஓட்டினேன்.