ஒத்திகை செனட்டர்

“கேள்விக்குப் பதில் சொல்லுங்க. சொல்லிட்டு அதையே இன்னொரு தடவை சொல்லாதீங்க. செனட்டருக்குக் காது நல்லாவே கேக்கும்.”

மேசைக்கு அந்தப் பக்கம் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பவர் இந்த வாரம் துணை அமைச்சராகப் போகிறவர். இந்தப் பக்கம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு செனட்டராக உட்கார்ந்திருப்பவர் எல்ட்ரிட்ஜ் ஹாலம். அவர் செனட்டர் இல்லை. ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டதும் இல்லை. ஆனால் வாஷிங்டனில் குடியரசுக் கட்சி ஆட்சிக்கு வரும்போதெல்லாம், பதவிக்குப் பெயர் அறிவிக்கப்பட்டவர்களை, ஒப்புதல் தருவதற்காக செனட் குழு நடத்தும் நிஜ விசாரணைக்கு முன்பே ஓர் அறையில் உட்கார்த்தி வறுத்தெடுக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். சிலர் அழுதிருக்கிறார்கள். ஒருவர் பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை.

அடித்து முடித்த பிறகு வைத்தியமும் அவரே பார்ப்பார். “தடுமாறினா தண்ணி குடிங்க. குடிக்கிற வரைக்கும் யோசிக்கலாம். பழைய கட்டுரையை எடுத்து நீட்டினா, ‘அது ஆய்வாளரா இருந்தப்போ எழுதினது, பதவிக்கு வந்தா சட்டப்படி நடப்பேன்’னு சொல்லுங்க. முக்கியமா, மைக்கைக் கிட்ட இழுக்காதீங்க. இழுத்தா சண்டைக்கு வந்த ஆளுன்னு அர்த்தம். அது பாட்டுக்கு இருக்கிற இடத்துல இருக்கட்டும்.”

கோடையானாலும் கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி ஒரு போ டை. பனி கொட்டினாலும் மேல்கோட்டு கிடையாது; அடிப்பாகம் மாற்றி மாற்றித் தைத்த ஒரே ஜோடி கறுப்பு ஷூ. மதியம் தகர டப்பாவில் மத்தி மீன் சாண்ட்விச், அந்த வாடையில் பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அரசாங்கம் யாரையும் தூக்கி நிறுத்தக் கூடாது, விழுகிறவன் விழட்டும், எழுகிறவன் எழட்டும் என்பது அவருடைய வேதம். இளம் வயதில் வேளாண் துறையில் இருந்துகொண்டே வேளாண் மானியங்களைத் திட்டிக் குறிப்பு எழுதியவர். கட்சி தோற்றதும் கொள்கை ஆய்வு மையத்துக்குப் போய் அதையே புத்தகமாக எழுதினார். அப்புறம் லாபி நிறுவனம். கம்பெனிகளுக்காக அதிகாரிகளைப் பார்த்துப் பேசுகிற வேலை; பார்க்கப்போகும் அதிகாரிகளில் பாதிப்பேர் அவர் ஒத்திகையில் வியர்த்தவர்கள்.

இப்படி அரசாங்கத்துக்கும் வெளிக்குமாகப் போய்வருகிறவர்களைச் சுழல் கதவுக்காரர்கள் என்று பத்திரிகைகள் கிண்டல் செய்யும். ஹாலம் அசரமாட்டார். “கதவு சுத்துது. நான் சுத்தலையே” என்பார்.

இதைச் சொல்லும்போது லவீனியா பெட்வே பக்கத்தில் இருந்தால் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கும். மூன்று இடத்திலும் அவருடைய அலுவலகத்தைக் கட்டி மேய்த்தவள் அவள்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள்.

“உங்க கட்சிக்கு நான் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்ல சார்.”

“தெரியும்மா. அதனாலதான் உன்னை நம்பறேன்.”

குரல் இறங்குவதற்குக் காரணம் சர்க்கரை. அவர் எழுதிய அந்தப் புத்தகம் சர்க்கரையைப் பற்றியது. வெளிநாட்டுச் சர்க்கரையை உள்ளே விடாமல் தடுத்து, நாலு பெரிய கரும்புப் பண்ணைகளை வாழவைக்க, நாட்டில் மிட்டாய் வாங்குகிற ஒவ்வொருவர் பையிலும் அரசாங்கம் கைவைக்கிறது என்று வெளுத்து வாங்கியிருந்தார். அது வந்தபோது சொந்தக் கட்சிக்காரர்களே அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்கு அதில் பெருமை. பிறகு அவர் சேர்ந்த லாபி நிறுவனம் அதே கரும்புப் பண்ணைக்காரர்களை வாடிக்கையாளர்களாகப் பிடித்தது. நீங்கள் அவர்களுக்காக வேலை செய்ய வேண்டாம், எதிராகப் பேசாமல் இருந்தால் போதும் என்றார்கள் நிறுவன முதலாளிகள். ஹாலம் ஒப்புக்கொண்டார். அவர்கள் வருகிற நாளில் லவீனியா அறைக்குள் தலையை நீட்டுவாள். “சர்க்கரை வந்தாச்சு சார். டப்பாவை எடுங்க.” மனிதர் அவர்கள் கண்ணில் படாமல் தகர டப்பாவோடு அவசரப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார். பார்க்கப் பாவமாக இருக்கும். பாவம் பார்த்தால் எரிந்து விழுவார்.

இந்த முறை ஆட்சி மாறியதும் வேளாண் துறைத் துணை அமைச்சர் பதவிக்கு ஹாலம் பெயரே வந்துவிட்டது. குமாஸ்தா மாதிரி நுழைந்த கட்டடத்துக்கு இரண்டாவது பெரிய ஆளாகத் திரும்பும் வாய்ப்பு. இந்த வயதில் இன்னொரு முறை வராது. அவர் அதை மறைக்கவில்லை. “வேணும்னுதான் கேக்கறேன். இதுக்கு எதுக்கு வெக்கப்படணும்?” என்றார். விசாரணைக் குழுவில் ஓட்டுகள் சரிபாதியாக நின்றன. மீதி ஓர் ஓட்டு டூஹோன் என்ற செனட்டரிடம். டூஹோன் கரும்பு விளையும் தென் மாநிலத்துக்காரர்.

இப்போது ஹாலமுக்கே ஒத்திகை. செனட்டராக உட்கார்ந்தவன் ஸ்டைல்ஸ், ஹாலமிடம் வியர்த்து வியர்த்துப் பதவிக்கு வந்தவன். சர்க்கரைப் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கத்தை உரக்க வாசித்தான்.

“இதை இன்னைக்கும் நம்பறீங்களா?”

“நம்பறேன்.”

“சார், விளையாடாதீங்க. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பதிலைச் சொல்லுங்க.”

“அது நல்ல பதில். நான் பண்ணினதுதானே.”

“அப்புறம் என்ன? அந்த ஓட்டு போனா பதவி போச்சு. உள்ள போயிட்டு என்ன வேணா செய்யலாமே!”

“உள்ள போனவன் எவன் செஞ்சான்? நீ செஞ்சியா?”

ஸ்டைல்ஸ் முகம் சிவந்துவிட்டது. அறையில் இருந்தவர்கள் கெஞ்சினார்கள். கடைசியில் ஹாலம் அந்தப் பதிலைச் சொன்னார். எழுத்துப் பிசகாமல், இறங்கிய குரலில். எல்லாரும் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் லவீனியா அவர் டப்பாவை நீட்டினாள். “இனிமே கட்டடம் முழுக்க உங்களோடது சார். ஆனா சாப்பாடு படிக்கட்டுலதான் போலிருக்கு.” ஹாலம் டப்பாவை வாங்கிக்கொண்டார். வீடு போய்ச் சேரும்வரை திறக்கவில்லை.

விசாரணையன்று டூஹோன் தேனாகப் பேசினார். அவர் கையில் அதே புத்தகம்.

“மிஸ்டர் ஹாலம், இது பழைய கதை. ஆய்வு மையத்துல இருந்தப்போ எழுதினது. இன்னைக்கு எழுதினா இப்படி எழுத மாட்டீங்க. அப்படித்தானே?”

கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வா என்கிறார். ‘ஆமாம்’ என்று ஒரு வார்த்தை போதும். பின்வரிசையில் ஸ்டைல்ஸ் தன்னையறியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் லவீனியா மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹாலம் எதிரே ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தது. அவர் கை அதை நோக்கிப் போனது.

தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.