திங்கட்கிழமைப் பச்சை

பதினாலு வருஷமாக என்னை 'உப்புக் கண்ணன்' என்று கூப்பிடுகிறார்கள். என் பெயர் சுடலைக்கண்ணன். கொத்தனாராக இருந்து மேஸ்திரி ஆனவன். அந்தப் பட்டப்பெயர் வந்த கதையைச் சொன்னால்தான் ஜெபசுதாவைப் பற்றி நான் எழுதப்போவது விளங்கும்.

முத்தையாபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம் கட்டினோம். மேல்தளம் போடுகிற அன்றைக்கு லாரியில் வந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தேன். நம் பக்கத்து மேஸ்திரி எவனும் செய்கிற காரியம்தான். கரித்தது. உப்புத் தண்ணீரில் கான்கிரீட் கலந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் போகும். இன்ஜினியரிடம் சொன்னேன். "நேரம் போகுது, ஊத்துங்க" என்றார். ஊற்றினோம். ஐந்தாம் வருஷம் ஒரு கல்யாணத்தன்றைக்கு சமையல்கூடத்து மேல்தளத்திலிருந்து காரை பெயர்ந்து சாம்பார் அண்டாவுக்குள் விழுந்தது. இன்ஜினியர் அதற்குள் துபாய் போய்விட்டார். நான் வாயால் சொன்னதுதான், எழுத்தில் ஒன்றும் இல்லை. பழியும் பெயரும் எனக்கு வந்தன.

ஜெபசுதா எங்கள் கம்பெனியின் ஸ்டோர் கீப்பர். ப்ளஸ் டூ படிப்பு. பதினேழு வருஷம் தினக்கூலியாகவே இருந்தாள். புருஷன் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். விபத்தில் வலது கை போன பிறகு வீட்டில் இவள் சம்பளம் மட்டும்தான். எத்தனையாவது வரிசையில் எந்த அளவு கம்பி கிடக்கிறது என்று கேட்டால் தலை நிமிராமல் சொல்லுவாள். ஒரு ஆணி கூடுதலாகக் கேட்டாலும், "எதுக்கு அண்ணாச்சி, காது குத்தவா?" என்பாள். அவளோடு பேசி ஜெயித்தவன் கம்பெனியில் இல்லை.

முதலாளி ஆறுமுகநயினார் மூன்று வருஷம் முன்னால் ஒரு ஆப் வாங்கினார். ஏழு சைட் வேலையையும் இனிமேல் போனில்தான் பதிய வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து ரெண்டு பேர் வந்து, ரெண்டு நாள் ஏசி ரூமில் படம் காட்டிவிட்டுப் போனார்கள். எங்களில் பாதிப் பேர் தூங்கினோம். பிறகு யார் சொல்லிக்கொடுப்பது? "ஜெபசுதாவை அனுப்பு" என்றார் முதலாளி. மூன்று மாதத்தில் ஏழு சைட்டிலும் ஆப் ஓடிவிட்டால் நிரந்தர வேலை, ஹெட் ஆபீசில் நாற்காலி. அவர் சொன்னபோது நானும் அங்கே நின்றேன். அவள் சேலைத் தலைப்பை ஒருமுறை இழுத்துச் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

காலையில் ஓட்டப்பிடாரம், மத்தியானம் முத்தையாபுரம், மறுநாள் சாத்தான்குளம். எல்லாம் பஸ்தான். பையில் டிபன் டப்பா, சார்ஜ் போடுகிற பேட்டரி. சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து ஒவ்வொரு மேஸ்திரிக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

"அண்ணாச்சி, போனைத் தலைகீழா பிடிச்சிருக்கிய."

"கரண்டியத் தலைகீழா பிடிச்சாத்தான் குத்தம். இது எப்படிப் பிடிச்சா என்ன?"

"நீங்க எடுத்த போட்டோவுல தூணு வானத்துலேருந்து தொங்குது. மொதலாளி பாத்தா கூலியையும் அங்கனயே போய் வாங்கிக்கோன்னுருவாரு."

ஒரு நாள் டீ குடிக்கும்போது மண்டபக் கதையை அவளிடம் சொன்னேன். கேட்டுவிட்டு டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்த ஆப்பில் தண்ணீருக்கு 'லேப் ரிப்போர்ட்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அவள் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தவர் பெயருக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அவர்கள் சிரித்திருக்கிறார்கள். பதினோரு தடவை போன் போட்டு அதை வாங்கினாள். நல்ல தண்ணீர் என்றால் பச்சை, கரித்தால் சிவப்பு, பக்கத்தில் மேஸ்திரி பெயர். "இனிமே நீங்க சொல்லலைன்னு எவனும் சொல்ல முடியாதுல்லா" என்றாள்.

அந்தக் கட்டத்தைத்தான் நான் கெடுத்தேன்.

காலை எட்டு மணிக்குள் எல்லாக் கட்டமும் பச்சை ஆகாவிட்டால் ஹெட் ஆபீஸ் டிவியில் சைட் பெயரே சிவப்பாகிவிடும். உடனே மேனேஜர் மகாராஜன் போனில் கத்துவார். எங்களுக்கோ எட்டு மணிக்கு ஆள் எண்ணவே நேரம் இருக்காது. சிக்னல் கிடைக்காத சைட்டுக்காக, தேதியை நாமே போட்டுக்கொள்ளலாம் என்று ஆப்பில் விட்டிருந்தார்கள். பழைய தேதி போட முடிந்தால் நாளைத் தேதியும் போடலாமே என்று பார்த்தேன். ஆப் ஏற்றுக்கொண்டது. திங்கட்கிழமை காலை டீக்கடையில் உட்கார்ந்து, சனிக்கிழமை வரைக்கும் எல்லாவற்றையும் பச்சையாக அழுத்திவிட்டேன். ஓட்டப்பிடாரம் மேஸ்திரி பாண்டித்துரைக்கும் போனில் சொல்லிக்கொடுத்தேன். அவன் மற்றவர்களுக்குச் சொன்னான். ரெண்டே வாரத்தில் ஏழு சைட்டும் பச்சை. முதலாளி சைட்டுக்கு ஒரு பெட்டி மக்ரூன் இனிப்பு அனுப்பினார். ஒண்ணாம் தேதி ஜெபசுதாவுக்கு நிரந்தர வேலை ஆர்டர் என்று பேச்சு. மக்ரூனை நானும் தின்றேன்.

ஒண்ணாம் தேதிக்கு ஆறு நாள் இருக்கும்போது, ஒரு வியாழக்கிழமை, துறைமுக ரோட்டில் சரக்கு வைக்கிற ஒரு கிட்டங்கிக்கு அஸ்திவாரம் போட்டோம். கலவை மெஷின் ஓடத் தொடங்கியாயிற்று. லாரித் தண்ணீரை நாக்கில் வைத்தேன். மண்டபத்துத் தண்ணீரேதான். துப்பிவிட்டு மெஷினை நிறுத்தச் சொன்னேன். அங்கே நின்ற மகாராஜன் தன் போனை எடுத்துக் காட்டினார்.

"நல்ல தண்ணின்னு இன்னைக்குத் தேதியில பச்சை கிடக்கே, அண்ணாச்சி. உங்க பேரு, உங்க நாக்கு. இப்பம் வந்து மாத்திச் சொல்லுதிய?"

போன தடவை எழுத்து இல்லாமல் மாட்டினேன். இந்தத் தடவை எழுத்தே என்னுடையது.

ஜெபசுதாவுக்குப் போன் செய்தேன். ஷேர் ஆட்டோ பிடித்து வந்தாள். முதலில் தானே ஒரு கை தண்ணீர் எடுத்து நாக்கில் வைத்து முகத்தைச் சுளித்தாள். பிறகு தன் போனைப் பார்த்தாள். எந்தத் தேதிக்குப் போட்டாலும், அழுத்திய நேரம் அவள் போனில் தேடிப் பார்த்தால் தெரியும்.

"இது திங்கக்கிழமை ஏழு அம்பதுக்கு அழுத்தினது. இன்னைக்கு வியாழன்."

"ஆமாம்மா."

"நீங்க மட்டுமா?"

"எல்லாரும் அப்படித்தான் போடுதானுவ."

"ஏழு சைட்டுமா?"

தலையை ஆட்டினேன். ஆரம்பித்தவன் நான்தான் என்று சொல்லவில்லை.

மகாராஜன் அவளைத் தள்ளிக் கூட்டிப்போய்ப் பேசினார். எனக்குக் கேட்கிற தூரம்தான். "இந்த ஒண்ணை மட்டும் சிவப்பாக்குங்க, லாரியத் திருப்பி விட்டுருவோம். மத்த சைட்டைக் கிளறாதீங்க. ஒண்ணாம் தேதி ஆர்டர் வருது உங்களுக்கு. வீட்டு நெலமையை நினைச்சுப் பாருங்க."

"அங்கயும் இதே லாரி போயிருந்தா சார்?" என்றாள்.

அவள் மணல் குவியல் பக்கம் போய் நின்றாள். அங்கிருந்து முதலாளிக்கே போன் போட்டாள். "மொதலாளி, நீங்க டிவியில பாக்குற பச்சை பொய்யி. யாரும் ருசி பாக்காமலே அழுத்தியிருக்காவ. ஏழு சைட்டையும் நிறுத்தித் தண்ணியைப் பாக்கணும்."

பார்த்தார்கள். இன்னும் ரெண்டு சைட்டில் உப்பு. சாத்தான்குளத்தில் முந்தின நாள் எழுப்பின நாலு தூணை இடிக்க வேண்டியதாயிற்று. மறுநாள் முதலாளி எங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, "யாருலே இதை ஆரம்பிச்சது?" என்று கேட்டார். ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. நானும்தான். ஜெபசுதாவைப் பார்த்தார். "தெரியலை மொதலாளி" என்றாள். "சொல்லிக்குடுத்த லட்சணம் இது" என்றார் அவளிடம்.

ஆர்டர் வரவில்லை. ஆப்புக்கு மதுரையிலிருந்து வேறு ஒருத்தரைப் போட்டார்கள். நாளைத் தேதி போட முடியாமல் அதைப் பூட்டினார்கள். ஜெபசுதா பழையபடி ஸ்டோருக்கு, அதே தினக்கூலிக்கு. நாலு மாதம் பார்த்தாள். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி ஸ்டோரில் மாதச் சம்பளத்துக்கு வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாள்.

கடைசி நாள், சாவிக்கொத்தை ஆபீசில் கொடுத்துவிட்டு நேரே என் சைட்டுக்கு வந்தாள். கையில் அந்த டிபன் டப்பா பை.

"திங்கக்கிழமைப் பச்சையை ஆரம்பிச்சது யாருன்னு எனக்கு அந்த வியாழக்கிழமை சாயங்காலமே தெரியும், அண்ணாச்சி. பாண்டித்துரை சொல்லிட்டான்."

எனக்குக் கையில் இருந்த மட்டக்கோலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "பொறவு ஏம்மா மொதலாளிகிட்டச் சொல்லலை?"

"உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பட்டப்பேரு கிடக்கு. இன்னொண்ணு எதுக்கு?" சிரிக்காமல்தான் சொன்னாள்.

அவளே தொடர்ந்தாள். "நாளைத் தேதியப் பூட்டியாச்சு. இப்பம் பஸ்ல வரும்போதே பச்சை அழுத்துதானுவளாம். மதுரைக்காரரு சொல்லி நிறுத்த மாட்டானுவ. நீங்க சொன்னா நிறுத்துவானுவ. கொத்தனார் சங்கத்து ஆண்டு மலர்ல எழுதச் சொல்லி உங்ககிட்டக் கேட்டிருக்காவளாமே. மண்டபத்துல உங்க மேல தப்பில்லைன்னு நல்லா எழுதுங்க. அதோட இதையும் எழுதிருங்க, அண்ணாச்சி. உங்க பேரு போட்டு, உங்க கையாலயே."