ஒன்றரை அடி உயரம்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் மீன்தொட்டியைப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கும். தொட்டி மூன்றடி நீளம். அதைத் தாங்கும் மரமேடையின் உயரம் ஒன்றரை அடிதான். கோயம்புத்தூரில் என் பிளாட்டுக்கு வந்த எல்லோரும் ஒருமுறையாவது, "கொஞ்சம் உயரமா செஞ்சிருக்கலாமே" என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டிவிடுவேன். காபி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது.

மேடையைச் செய்தவர் என் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்பச்சி என்போம். காரைக்குடியில் மோட்டார் பம்புகளைப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். தச்சு வேலை அவருக்குத் தெரியாது. ஒன்று தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பழக்கமும் அவருக்குக் கிடையாது.

எனக்கு அப்போது பத்து வயது. அந்த ஐப்பசியில் அம்மாவுக்கு மதுரையில் முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டியை எடுத்தாகிவிட்டது, ஆனால் கால்களுக்கு உணர்வு திரும்பவில்லை. ஆறு மாதத்தில் எழுந்து நடப்பாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அதுவரை பெரும்பாலும் இடதுபக்கம் ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வருவதற்கு முன் அம்மா அப்பச்சியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"செவத்தையே பாத்துக்கிட்டுக் கெடக்க முடியலைங்க. எதாச்சும் அசையிறதப் பாத்தாத் தேவலை."

டிவி வைத்துவிடலாம் என்றார் அம்மாவின் தம்பி. அவர் எனக்கு அம்மான். "டிவி வாயை மூடாதுப்பா, அவளுக்குத் தலை வலிக்கும்" என்று அப்பச்சி சொல்லிவிட்டு, மறுநாளே மீன் விற்கும் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தொட்டியை வாங்கினோம். அதோடு விற்கிற இரும்பு மேடையைக் கடைக்காரர் எடுத்து வைத்தார். அப்பச்சி டேப்பால் அளந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். உயரம் இரண்டரை அடி. எல்லா வீட்டுக்கும் அதுதான் சரியாக இருக்கும் என்று கடைக்காரர் சொன்னதற்கு, "எங்க வீட்டுக்குச் சரியா இருக்காது" என்று மட்டும் பதில் சொன்னார்.

மரம் பழைய சாமான் கடையிலிருந்து வந்தது. ஏதோ ஒரு வீட்டை இடித்தபோது எடுத்த தேக்கு உத்தரம். அறுவை மில்லில் கொடுத்து நாலு கனமான கால்களும் சட்டங்களுமாக அறுத்து வாங்கி வந்து, முற்றத்தில் போட்டு இழைக்க ஆரம்பித்தார்.

முதல் வேலை உயரம் பார்ப்பது. அது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. முற்றத்தை ஒட்டிய அறையில் அம்மாவுக்கான கட்டில் தயாராக இருந்தது. அப்பச்சி அதில் ஏறி இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்தார். தலையணையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, எதிர்ச்சுவரில் தன் கண் மட்டத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போடச் சொன்னார். "இன்னும் கீழ... இன்னும்... நிப்பாட்டு." அந்தக் கோடு தொட்டியின் நடுவில் வர வேண்டும் என்றால் மேடை ஒன்றரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது.

மில்லில் கால்களை அவர் இரண்டரை அடியாகவே அறுத்து வாங்கியிருந்தார். இப்போது ஒவ்வொன்றிலும் ஓர் அடியை அறுத்தார். அறுத்த துண்டுகளை வீசிவிடவில்லை. துண்டின் தலையில் துளை போட்டு ஒரு மர முளையை இறக்கினார். மேடைக் காலின் அடியில் அதற்குச் சரியாக ஒரு துளை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று காலிலும் துண்டிலும் உளியால் எண் வெட்டினார்.

"இது எதுக்கு அப்பச்சி?"

"அம்மா எந்திரிச்சு நடமாட ஆரம்பிச்சா, குனிஞ்சு குனிஞ்சா மீன் பாப்பா? அன்னிக்கு இதச் சேத்துருவோம் ஆத்தா."

நாலு துண்டுகளையும் ஒரு பழைய வேட்டியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அம்மாவின் பட்டுப்புடவைகள் இருக்கும் அலமாரி அது. மரக்கட்டைக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

மேடை முடிந்ததும் சோதனை. தொட்டி, தண்ணீர், மணல் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மூட்டை அரிசி எடை வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். அதனால் முதலில் அம்மானை மேடைமேல் உட்காரச் சொன்னார். அம்மான் நல்ல கனம். அவர் மடியில் என்னையும் உட்கார வைத்தார். அதுவும் போதாமல் தானும் ஓர் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் எம்புட்டு நேரம் அத்தான்?"

"பேப்பர் வேணா படிய்யா. அது அங்குட்டு இங்குட்டு அசையக்கூடாது."

அரை மணி நேரம் மூவரும் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். மேடை ஒரு முனகல்கூட முனகவில்லை. அறையின் தரை முற்றத்துப் பக்கம் லேசாகச் சரிவு. ரசமட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்து, இரண்டு கால்களின் அடியை மட்டும் நூல் கணக்கில் இழைத்துச் சரிசெய்தார். அந்தத் தேக்கை அசைக்க இன்றுவரை யாராலும் முடியவில்லை.

கார்த்திகையில் அம்மா வந்தாள். ஆம்புலன்ஸிலிருந்து இறக்கிக் கட்டிலில் கிடத்தி, இடதுபக்கம் திருப்பினார்கள். எதிரே ஆறு பொன்மீன்கள். அவள் கண்ணுக்கு நேரே ஒன்று வந்து நின்று வாயைத் திறந்து திறந்து மூடியது. அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்க பெரிய கொழுந்தனார் மாதிரியே இருக்கு" என்றாள். என் பெரியப்பாவைத்தான் சொன்னாள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அப்பச்சி சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப்பின் மீன்களுக்கெல்லாம் சொந்தக்காரர்களின் முறை சொல்லித்தான் அம்மா கூப்பிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அன்றைக்கு எது எதோடு சண்டை போட்டது என்று சொல்வாள்.

மார்கழிக் கடைசியில் அப்பச்சி ஸ்கேன் படங்களை எடுத்துக்கொண்டு தனியாக மதுரைக்குப் போய்வந்தார். "நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாக" என்று எல்லோரிடமும் ஒரே வார்த்தையைச் சொன்னார். அன்று சாப்பிடாமல் மீன்களுக்குத் தீனி போட்டுவிட்டுப் படுத்துவிட்டார். வண்டி அலுப்பு என்று நினைத்தேன்.

அதற்கு மூன்றாம் நாள் பொங்கல். எங்கள் வீட்டில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. புள்ளிக்கு ஒரு பானை. எங்கெங்கோ இருக்கும் பங்காளிகள் எல்லாம் வந்து முற்றத்தில் வரிசையாக அடுப்பு வைப்பார்கள். பால் பொங்கும்போது அந்தப் பானைக்காகச் சங்கு ஊதுவார்கள். அந்த வருஷம் ஐந்து பானைகள். எங்கள் பானையை அம்மாவுக்குப் பதிலாகப் பெரியம்மா ஏற்றிவைத்தார்.

முந்தின இரவு பெய்த மழையில் விறகு நனைந்திருந்தது. காய்ந்ததை எல்லாம் முதலில் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் அடுப்பு புகைந்துகொண்டே இருந்தது. முதல் சங்கு, இரண்டாவது சங்கு, மூன்றாவது, நான்காவது. எங்கள் பானையில் பால் ஆடைகட்டிக் கிடந்தது. நல்ல நேரம் முடியப் போகிறது என்று பெரியம்மா கையைப் பிசைந்தார். அறையில் அம்மா முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். அவளால் முற்றத்தைப் பார்க்க முடியாது. சங்கை எண்ணிக்கொண்டிருப்பாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அப்பச்சி உள்ளே போனார். வேட்டி மூட்டையோடு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. எண் வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தார்.

"அப்பச்சி, அது மேடைக்கு!"

"வேற செஞ்சுக்கலாம் ஆத்தா" என்றார், என்னைப் பார்க்காமல்.

பழைய தேக்கு சடசடவென்று பிடித்துக்கொண்டது. பால் நுரைத்து எழுந்து நாலாபக்கமும் வழிந்தது. பெரியப்பா ஐந்தாவது சங்கை ஊதினார். எல்லோரும் பொங்கலோ பொங்கல் என்று கத்தினோம். அப்பச்சிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். புகை என்றார்.

எனக்குக் கோபம் அடங்கவில்லை. அந்தத் துளைகளைப் போடும்போது நாலு காலையும் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். நேராக அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, நீங்க எந்திரிச்சதும் மேடையில சேக்க அப்பச்சி நாலு கால் செஞ்சு வச்சிருந்தாகல்ல, அம்புட்டையும் அடுப்புல வச்சு எரிச்சுப்புட்டாக. மதுரைக்குப் போயிட்டு வந்ததுலேருந்தே அப்பச்சி சரியில்ல."

அம்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலையுமா?" என்று கேட்டாள். நாலையும்தான் என்றேன். பானை நன்றாகப் பொங்கியதா, எந்தப் பக்கம் வழிந்தது என்று விசாரித்தாள். பிறகு அப்பச்சியைக் கூப்பிடச் சொன்னாள்.

திட்டு விழப் போகிறது என்று ஆசையோடு வாசலிலேயே நின்றேன். அப்பச்சி வந்து தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அம்மா கையை நீட்டி அவர் சட்டையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள்.

"இந்த ஒசரமே எனக்குச் சரியா இருக்குங்க. இனிமே இத மாத்த வேணாம்."

அப்பச்சி தலையைக் குனிந்துகொண்டு "சரி" என்றார். ஏமாற்றமாகப் போய்விட்டது எனக்கு. வீணாய்ப்போன மரத்துக்காக அவர் வருத்தப்படக் கூடாதென்று அம்மா விட்டுக்கொடுக்கிறாள் என்று எண்ணினேன். அம்மானிடம் சொல்லிப் புதுசாக நாலு துண்டு வாங்கிவிடலாம் என்று அன்றைக்கே முடிவும் செய்துகொண்டேன்.

பங்குனி பிறந்து சில நாட்களில் அம்மா போய்விட்டாள். கடைசிவரை மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரையில் மருத்துவர் சொன்னதை அப்பச்சி அண்ணனிடம் சொல்லவில்லை, மைத்துனரிடம் சொல்லவில்லை. அம்மாவிடமிருந்து எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்றுதான் அத்தனை பேரிடமும் மறைத்தார். அதை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான். அப்பச்சிமேல் கோள் சொன்னதாகத்தான் அன்றைக்கு நினைத்திருந்தேன்.